வரிசைக்கு வராதவர்களைத் தேடுங்கள்: போரால் இடம்பெயர்ந்தோருக்கு உதவ முதன்முறை போகிறவர்களுக்கு

நிவாரணப் பணியில் என் முதல் நாள், போர்வை கொடுக்கிற வேலை. 300 போர்வை வந்தது. மாலைக்குள் 300-ம் கொடுத்து முடித்தோம். தள்ளுமுள்ளு இல்லை, வரிசை அழகாக நகர்ந்தது, கணக்கும் சரியாக வந்தது. இருட்டுகிற நேரத்தில் கூடாரங்களுக்கு நடுவே சும்மா நடந்து போனேன். கடைசிக் கூடாரத்தில் ஒரு பாட்டி வெறும் தரையில் படுத்திருந்தார். காலில் கட்டு. "போர்வை தர்றோம்னு சொன்னது கேக்கலையா பாட்டி?" என்றேன். "கேட்டுச்சு தம்பி. எழுந்து வரத்தான் முடியல" என்றார்.

அன்றிலிருந்து நான் புதியவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான். வரிசையில் நிற்பவர் ஏதோ ஒரு வகையில் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டார். வராதவர் யார், ஏன் வரவில்லை என்று தேடுவதுதான் வேலையின் பெரும்பகுதி. கீழே சொல்லியிருக்கும் எல்லா படியிலும் இந்தக் கேள்வியைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்

வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு தனியாகப் போய் நிற்காதீர்கள். உங்களுக்கும் சோறு, படுக்கை, பாதுகாப்பு எல்லாம் அங்கேதான் தேட வேண்டியிருக்கும். அது ஏற்கெனவே தட்டுப்பாட்டில் இருக்கும் இடம். அங்கே வேலை செய்யும் ஓர் அமைப்போடு சேர்ந்து போங்கள். பெரிய நெருக்கடிகளில் குடிநீர், தங்குமிடம், உணவு, மருத்துவம், குழந்தைகள் பாதுகாப்பு என்று துறைவாரியாக ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் நடக்கும். 2005 முதல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் இந்த முறையில்தான் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. நீங்கள் செய்யப்போகிற வேலையை அங்கே வேறு யாராவது செய்கிறார்களா, எந்தப் பகுதிக்கு இன்னும் யாருமே போகவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் தெரிந்துவிடும். சிறு குழுவாக இருந்தாலும் போய் உட்காருங்கள்.

உங்களுக்கு என்ன தெரியும் என்று உண்மையாகச் சொல்லுங்கள். கணக்கு எழுதத் தெரிந்தவர், குழாய் வேலை தெரிந்தவர், இரண்டு மொழி பேசுகிறவர், கனரக வண்டி ஓட்டுகிறவர் எல்லோருக்கும் அங்கே வேலை உண்டு. "எதுவானாலும் செய்வேன்" என்பவரைவிட, "ஸ்டோர் கணக்கு பார்ப்பேன்" என்பவரைத்தான் அங்கே இருப்பவர்கள் கையைப் பிடித்து வரவேற்பார்கள்.

மூன்று பொருள்களை ஊர் கூடிச் சேகரித்து அனுப்புவார்கள். தயவுசெய்து தடுங்கள். முதலாவது, பழைய துணி. பிரிக்க ஆள் வேண்டும், வைக்க இடம் வேண்டும். முக்கால்வாசி மழையில் நனைந்து குப்பையாகும். இரண்டாவது, மிச்ச மருந்துகள். உலக சுகாதார நிறுவனம் 1996-ல் வெளியிட்ட மருந்து நன்கொடை வழிகாட்டுதலின்படி, போய்ச் சேரும்போது காலாவதிக்குப் பொதுவாகக் குறைந்தது ஓராண்டாவது மிச்சமிருக்க வேண்டும். வீட்டு அலமாரியில் கிடந்த பாதி அட்டை மாத்திரைகளை வைத்துக்கொண்டு மருத்துவர் என்ன செய்வார்? மூன்றாவது, குழந்தைகளுக்கான பால் பவுடர். கேட்கக் கடினமாகத்தான் இருக்கும். ஆனால் சுத்தமான தண்ணீரும் புட்டியைக் கொதிக்கவைக்க வசதியும் இல்லாத இடத்தில், எல்லோருக்கும் பால் பவுடர் கொடுத்தால் வயிற்றுப்போக்கைக் கையில் கொடுத்த மாதிரிதான். தாய்ப்பால் கொடுக்கிற தாய்மாருக்குச் சாப்பாடும் தண்ணீரும் மறைவான இடமும் கொடுங்கள். தாய் இல்லாத குழந்தைக்குப் புட்டிப்பால் தேவைப்படும். அதைச் சுகாதாரப் பணியாளர் ஒவ்வொரு குழந்தையாகப் பார்த்து முடிவு செய்வார்.

பக்கத்திலேயே சந்தை இயங்குகிறது என்றால் பணமாகக் கொடுப்பது பல நேரம் நல்லது. ஒரு குடும்பத்துக்கு மருந்து தேவை, இன்னொன்றுக்குச் செருப்பு தேவை. அது அவர்களுக்குத்தான் தெரியும்.

உடையில் கவனம். ராணுவப் பச்சை, ராணுவத்தினர் போடுகிற மாதிரி புள்ளிச்சட்டை வேண்டாம். கட்சிக் கொடி, தலைவர் படம் எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. ஆயுதம் வைத்திருப்பவரை வண்டியில் ஏற்றாதீர்கள், அவர் யார் தரப்பாக இருந்தாலும். செஞ்சிலுவை, செம்பிறைச் சின்னங்களை நீங்களாக வரைந்துகொள்ளக் கூடாது. ஜெனீவா ஒப்பந்தங்களின்படி அந்தச் சின்னத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கண்டவரும் மாட்டிக்கொண்டால் நாளைக்கு உண்மையான ஆம்புலன்ஸை யாரும் நம்ப மாட்டார்கள்.

வெடிக்காத குண்டு, கண்ணிவெடி பற்றி உள்ளூரில் யாராவது வகுப்பு எடுத்தால் கட்டாயம் உட்காருங்கள். சுருக்கமாக: ஆள் நடந்த பாதையை விட்டு இறங்காதீர்கள், தெரியாத உலோகப் பொருளைத் தொடாதீர்கள், சந்தேகம் வந்தால் நின்று, வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, அதிகாரிகளிடம் சொல்லுங்கள்.

யாருக்கு உதவப் போகிறோம்

2024 முடிவில் போர், வன்முறை, அடக்குமுறை காரணமாக வீட்டை விட்டு வெளியேறி வாழ்ந்தவர்கள் உலகம் முழுவதும் 12.32 கோடிப் பேர் என்கிறது ஐ.நா. அகதிகள் முகமை. இதில் 7.35 கோடிப் பேர் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள். எல்லை தாண்டினால்தான் சட்டப்படி அகதி. அவர்களுக்கு 1951-ம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தம் இருக்கிறது. நாட்டுக்குள் இருப்பவர்களுக்கு அப்படித் தனி உலக ஒப்பந்தம் இல்லை. 1998-ல் ஐ.நா.வில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. அவற்றின்படி அவர்களைக் காப்பதும் உதவுவதும் முதலில் அந்நாட்டு அரசின் கடமை. இதைத் தெரிந்துகொண்டு போனால் உங்கள் பேச்சில் ஒரு மாற்றம் வரும். வாங்குகிறவர் உரிமையோடு வாங்குகிறார் என்பது மனதில் இருந்தால், கையை நீட்டச் சொல்லிப் படம் எடுக்கத் தோன்றாது.

இன்னொன்று. பலர் முகாமுக்கே வருவதில்லை. சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில், வாடகை அறையில், பாதி கட்டிய கட்டடத்தில் இருப்பார்கள். நாலு பேர் இருந்த வீட்டில் பதினாலு பேர். அந்த வீட்டுக்காரரும் இரண்டு மாதத்தில் உதவி தேவைப்படுகிறவர் ஆகிவிடுவார். முகாம் மட்டுமே கண்ணில் படுகிறது என்பதால் முகாமோடு நின்றுவிடாதீர்கள்.

முதல் நாள்: பேசாமல் ஒரு சுற்று

போனதும் மேடை போடாதீர்கள். ஒரு சுற்று நடந்து வாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் சுமக்கிறார்கள், கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு வெளிச்சம் இருக்கிறதா, சமையல் புகை எந்தக் கூடாரத்திலிருந்து வரவில்லை. இதையெல்லாம் நடந்தால்தான் பார்க்க முடியும்.

அப்புறம் கேளுங்கள். முகாம் தலைவர் என்று முன்னால் வருகிறவரிடம் பேசுங்கள், ஆனால் அவரோடு நிறுத்திவிடாதீர்கள். பெண்களிடம் ஒரு பெண் தனியாகப் பேசட்டும். மாதவிடாய்த் துணி, உள்ளாடை, குளிக்க மறைப்பு, இரவில் பயம் இதெல்லாம் ஆண்கள் சூழ்ந்து நிற்கிற கூட்டத்தில் யார் வாயிலிருந்தும் வராது. வேறு மொழி பேசுகிற சிறு கூட்டம் ஒரு ஓரமாக இருக்கும், அவர்களையும் தேடிப் போங்கள். காது கேளாதவருக்கு ஒலிபெருக்கி அறிவிப்பு போய்ச் சேராது.

பதிவு எடுக்கும்போது தேவையானதை மட்டும் எழுதுங்கள். குடும்பத்தில் எத்தனை பேர், வயது, கர்ப்பிணி, ஊனம், நாள்பட்ட நோய், பிரிந்துபோன பிள்ளைகள். இனம், மதம், எந்தத் தரப்பு ஊரிலிருந்து வந்தார் என்பதெல்லாம் போர்ப் பகுதியில் உயிரோடு விளையாடுகிற தகவல்கள். இன்றைக்கு நீங்கள் எழுதிய நிவாரணப் பட்டியல் நாளைக்கு யாராவது ஆளைத் தேடுகிற பட்டியல் ஆகலாம். அந்த நோட்டைப் பூட்டி வையுங்கள். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

தண்ணீர், கழிப்பறை

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் முகாமில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்த இடம்தான். 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் சில நாள்களுக்குள் எல்லை தாண்டி, அன்றைய ஜயர் நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கோமா நகரப் பகுதியில் வந்து குவிந்தார்கள். எரிமலைப் பாறை நிலம். குழி தோண்டிக் கழிப்பறை கட்டுவதும் கடினம். முதல் மாதத்தில் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் காலராவாலும் சீதபேதியாலும். உதவி செய்ய எத்தனையோ அமைப்புகள் வந்திருந்தும் இது நடந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 1997-ல், எதற்கும் ஒரு குறைந்தபட்ச அளவு வேண்டும் என்று ஸ்ஃபியர் தரநிலைகளை எழுதத் தொடங்கினார்கள்.

அந்த அளவுகளை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து 15 லிட்டர் தண்ணீர். 250 பேருக்கு ஒரு குழாய். வீட்டிலிருந்து குழாய் 500 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, வரிசையில் அரை மணிக்கு மேல் நிற்கக் கூடாது. கழிப்பறை, ஆரம்பத்தில் 50 பேருக்கு ஒன்று. கூடிய சீக்கிரம் 20 பேருக்கு ஒன்று.

1,000 பேர் இருக்கும் முகாமுக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 15,000 லிட்டர் வேண்டும். 5,000 லிட்டர் லாரி என்றால் மூன்று நடை, ஒரு நாள்கூடத் தவறாமல். குழாய் 4, முதலில் கழிப்பறை 20, அப்புறம் 50. கணக்கு இப்படிக் கையில் இருந்தால் கூட்டத்தில் "தண்ணி பத்தலை" என்று சொல்ல வேண்டியதில்லை, "நாளுக்கு 4,000 லிட்டர் குறைகிறது" என்று சொல்லலாம். லாரி அனுப்புகிறவருக்கு இரண்டாவது வாக்கியம்தான் உதவும்.

கழிப்பறையில் ஆண், பெண் பகுதி தனித்தனியாக இருக்கட்டும், பெண்களுக்கு அதிகமாகக் கட்டுங்கள். உள்ளிருந்து தாழ்ப்பாள், வழியில் விளக்கு. தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் பெண்கள் இரவில் போக மாட்டார்கள்; போகாமல் இருப்பதற்காகப் பகலிலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். நீங்கள் கட்டிய கழிப்பறை எண்ணிக்கையில் இருக்கும், பயன்பாட்டில் இருக்காது.

கிருமியைக் கொல்லத் தண்ணீரில் கலக்கிற குளோரின் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை. சின்னக் கண்ணாடிக் குழலில் தண்ணீரை நிரப்பி, ஒரு மாத்திரையைப் போட்டுக் குலுக்கினால் தண்ணீர் ரோஸ் நிறமாகும். பக்கத்தில் இருக்கும் நிற அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரியும். லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். குழாயடியில் பார்த்தால் மட்டும் போதாது. கூடாரத்துக்குள் போய், அனுமதி கேட்டு, அவர்கள் குடிக்கிற பாத்திரத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். குழாயில் நல்ல ரோஸாக இருந்த தண்ணீர் அங்கே நிறமே மாறாமல் இருக்கும். பாத்திரத்துக்கு மூடி இல்லை, பிள்ளைகள் கைவிட்டு அள்ளுகிறார்கள். அப்போது லாரியில் குளோரினைக் கூட்டிப் பயனில்லை. மூடியுள்ள, வாய் குறுகிய கேன்தான் தேவை, சோப்பும்.

தங்குமிடம் பற்றி இரண்டே செய்தி. ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் கூரையிட்ட இடம் வேண்டும். கூடாரங்களுக்கு நடுவே குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விடுங்கள், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 30 மீட்டர் வெற்றிடம் விடுங்கள். தார்ப்பாய் வேகமாகப் பற்றும். இடம் இருக்கிறதே என்று அந்த வெற்றிடத்தில் புதிய கூடாரம் போட யாராவது வருவார்கள். விடாதீர்கள்.

பொருள் கொடுக்கும் நாள்

முந்தின நாளே அறிவியுங்கள்: என்ன, ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு, எங்கே, எத்தனை மணிக்கு. அளவைப் படம் வரைந்து பலகையில் மாட்டுங்கள், படிக்காதவருக்கும் தெரியட்டும். தனக்கு இரண்டு சோப்பு வர வேண்டும் என்று தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம். குடும்பத்துக்கு ஒரு டோக்கன். கயிறு கட்டி வரிசை. நிழல், குடிதண்ணீர். முதியவர், கர்ப்பிணி, ஊனமுற்றவர்களுக்குத் தனி வரிசை. வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பை தூக்கிக்கொண்டு இருட்டில் தனியாக நடக்கிற பெண்ணிடமிருந்து பறிக்கக் காத்திருப்பவர்கள் உண்டு. மூட்டையின் எடையைத் தூக்கிப் பாருங்கள். உங்களுக்கே கனமாக இருந்தால், கைக்குழந்தையோடு வருகிற தாய் எப்படிக் கொண்டுபோவார்?

முடிந்ததும் டோக்கன் பட்டியலில் டிக் விழாத பெயர்களை எடுத்துக்கொண்டு கூடாரம் கூடாரமாகப் போங்கள். நான் முதல் நாளில் செய்யாமல் விட்டது இதைத்தான்.

இன்னொன்றையும் அறிவிப்பில் ஒவ்வொரு முறையும் சேருங்கள்: "இந்த உதவிக்கு யாரும் உங்களிடம் பணமோ, வேலையோ, வேறு எதுவுமோ கேட்கக் கூடாது." வேறு எதுவும் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குப் புரியும். உணவு அட்டைக்காகப் பெண்களையும் சிறுமிகளையும் உடலைக் கேட்டு வற்புறுத்திய சம்பவங்கள் வெளிவந்த பிறகு, 2002-ல் மனிதநேய அமைப்புகள் கூட்டாக விதிகள் வகுத்தன. பணியாளர் அப்படிச் செய்தால் வேலை போகும், 18 வயதுக்குக் கீழானவரோடு உறவு எந்தக் காரணத்துக்கும் கூடாது, தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். யாரிடம் புகார் சொல்வது என்பதை முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் உங்கள் நண்பராகவே இருந்தாலும் சொல்லுங்கள்.

குழந்தைகள்

முதலில் தட்டம்மை. நெருக்கடியான முகாமில் அது காட்டுத்தீ மாதிரி பரவும். ஆறு மாதம் முதல் 15 வயது வரையுள்ளவர்களுக்குத் தடுப்பூசி போட மருத்துவக் குழு வரும். வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்துவருவது உங்கள் வேலையாக இருக்கும்.

ஊட்டக்குறைவைக் கண்டுபிடிக்க ஒரு வண்ண நாடா போதும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் இடது கையைத் தொங்கவிட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே நாடாவைச் சுற்றுங்கள். இறுக்கக் கூடாது, தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு: கடுமையான ஊட்டக்குறைவு, அன்றே மருத்துவக் குழுவிடம். 11.5 முதல் 12.5 வரை மஞ்சள். அதற்கு மேல் பச்சை. நாடா பச்சை காட்டினாலும் இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று வினாடி அழுத்திப் பாருங்கள். எடுத்த பிறகும் குழி நின்றால் அதுவும் கடுமையானதுதான். கன்னம் உப்பியிருக்கிற பிள்ளையைப் பார்த்து "நல்லா கொழுகொழுன்னு இருக்கான்" என்று விட்டுவிடுவோம். அது வீக்கமாக இருக்கலாம்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தால் அதுதான் நல்லது. இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, கண்ணளவு போடாதீர்கள்.

பெற்றோரைப் பிரிந்த பிள்ளை வந்தால் எங்கே, எப்போது, யாரோடு கடைசியாக இருந்தது என்பதை அன்றே எழுதுங்கள்; சின்னப் பிள்ளை வாரத்தில் மறந்துவிடும். போட்டிருந்த சட்டை, கையிலிருந்த பொருள் எதையும் தூக்கிப்போடாதீர்கள். அம்மா அடையாளம் காட்டுவது அந்தச் சட்டையை வைத்தாக இருக்கலாம். "நான்தான் சித்தப்பா" என்று ஒருவர் வந்தால் உடனே ஒப்படைக்காதீர்கள், குழந்தைகள் பாதுகாப்புக் குழு விசாரிக்கட்டும். சமூக ஊடகத்தில் படம் போட்டுத் தேடுவது கடத்துகிறவருக்கு முகவரி கொடுப்பதாகிவிடும். பிரிந்த குடும்பங்களைத் தேடிச் சேர்க்க செஞ்சிலுவை, செம்பிறை இயக்கத்துக்குத் தனிப் பிரிவே உண்டு, அவர்களிடம் பதியுங்கள். தத்தெடுக்கிறேன் என்று நல்ல மனதோடு வருபவர்கள் இருப்பார்கள். போர் நடக்கும்போது தத்து வேண்டாம். அநாதை என்று நினைத்த எத்தனையோ பிள்ளைகளுக்குப் பெற்றோர் உயிரோடு வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

பேச்சு

என்ன நடந்தது என்று நீங்களாகக் கிளறாதீர்கள். அவர் சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் பக்கத்தில் உட்காருங்கள். நடந்ததையெல்லாம் உடனே சொல்லவைத்தால் மனம் லேசாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. 2011-ல் வெளியான அதன் மனநல முதலுதவி வழிகாட்டி மூன்று செயல்களைச் சொல்கிறது: பார், கேள், இணை. யாருக்கு உடனடி ஆபத்து என்று பார்ப்பது, தேவையைக் கேட்பது, உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்துவிடுவது. "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள், உங்களுக்கு அது தெரியாது. "நாளைக்குக் காலை பத்து மணிக்கு வர்றேன்" என்று சொன்னால் பத்து மணிக்கு அங்கே நில்லுங்கள்.

கிளம்பும்போது

தூங்குங்கள், முறைவைத்து வேலை செய்யுங்கள். மூன்று நாள் தூங்காதவர் கணக்கிலும் தவறுவார், கோபத்திலும் தவறுவார். கிளம்புவதை ஒரு வாரம் முன்பே முகாமில் சொல்லிவிடுங்கள். உங்களைத் தேடிவரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லுங்கள்.

அடுத்து வருகிறவரை இரண்டு நாள் உங்களோடு நடக்க வையுங்கள். ஸ்டோர் சாவி, இருப்புக் கணக்கு, லாரிக்காரர் எண், புகார் பெறுபவர் யார் என்பதையெல்லாம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். நான் ஒப்படைக்கும் நோட்டில் கடைசிப் பக்கத்தைத் தனியாக விட்டு வைப்பேன். கூடாரம் 14, நடக்க முடியாதவர், வாரம் இருமுறை தண்ணீர். கூடாரம் 31, கணவரைத் தேடிப் போன பெண் இன்னும் திரும்பவில்லை, பிள்ளைகள் பாட்டியிடம். மேற்கு ஓரம், பாதி கட்டிய கட்டடம், மாடியில் ஆள் இருப்பதாகச் சொல்கிறார்கள், இன்னும் போய்ப் பார்க்கவில்லை.